சத்தமே போடாத ஜெனரேட்டர்

அத்தியாயம் 14

போன வாரம் பெரியவர் காலை டீயைக் கையில் பிடித்தபடியே சாப்பாட்டு மேஜையில் தூங்கி வழிந்ததும், டம்ளர் சாய்ந்து விரிப்பெல்லாம் நனைந்ததும், அதைப் பார்த்து மகனும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று. கறை அப்படியேதான் இருக்கிறது.

ஜெனரேட்டர்தான் இன்னும் வந்தபாடில்லை.

பதினோரு வாரம் ஆகிறது. இந்தப் பதினோரு வாரத்தில் மருமகளிடம் சேர்ந்த ஆறு பேர் கார் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, அதில் ஒருவர் புதுக் கார் எடுத்து அதைச் சொந்த வீட்டு கேட்டிலேயே இடித்தும் முடித்துவிட்டார். மருமகளின் புருஷன் மட்டும் ஒரு ஜெனரேட்டரை முடிவு செய்யவில்லை.

மருமகள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடமாக அதை மிதித்து மிதித்து, ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டாலே அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அழுத்தும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் மேடம். நேரில் யாரும் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

புருஷனுக்கு, சத்தத்தை அளக்கும் அலகின் பெயரையே வைத்தவள் அவளேதான். டெசிபல்.

காது பரிசோதனை செய்யும் இடத்தில் அவனுக்கு வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தப் புத்தியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும். வீட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் ரப்பர் வைத்தான். டிக் டிக் என்கிறது என்று சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினான். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது என்று ராத்திரியில் காதுக்குள் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பானைச் செருகிக்கொண்டு தூங்குவான். மனைவிக்கும் ஒரு ஜோடி. ஆரம்பத்தில் அவளுக்குக் கடுப்பாக இருந்தது. இப்போது அது இல்லாமல் அவளுக்கும் தூக்கம் வருவதில்லை.

இப்படிப்பட்டவனிடம் போய்த்தான் பெரியவர் அந்த நிபந்தனையைச் சொன்னார்.

விஷயம் பழையதுதான், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவரின் மகள் நாலு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வருகிறாள். பத்தே நாள் லீவு. வருகிற சனிக்கிழமை எல்லோரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. அது பெரியவர் பழக்கிவிட்ட ஏரிக்கரை. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருடம் இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்த்தவர், வருடத்தில் இரண்டு நாளாவது வானத்தைப் பார்த்துத் தூங்க வேண்டும் என்று பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போவார்.

இரண்டு வருடம் முன்னால் டாக்டர் அவருக்கு ஒரு மெஷின் கொடுத்தார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ராத்திரி முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் மெஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குக் கரண்டு வேண்டும். ஏரிக்கரையில் ஏது பிளக். அன்றோடு பெரியவர் வெளியிடத்தில் தங்குவதையே நிறுத்திவிட்டார்.

மகள் வருகிறாள் என்றதும் முதலில், "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கொசு ஒத்துக்காது" என்றார். மருமகள் விடவில்லை. ஜெனரேட்டர் வாங்குவோம் என்றாள். கடைசியில் இறங்கிவந்தார்.

"சரி, வர்றேன். ஆனா அது சத்தம் போடக் கூடாது. கிழவனுக்கு மூச்சு விடக் கரண்டு வேணும்னு ஏரி பூராத் தம்பட்டம் அடிச்சுக்கிட்டு நான் தூங்க மாட்டேன். சத்தம் கேட்டுச்சுன்னா எழுந்து நடையைக் கட்டிருவேன்."

சொன்னால் செய்கிற மனிதர். டெசிபல் அளவெடுக்கக் கிளம்பினான். அளந்துகொண்டே இருக்கிறான்.

ஐந்து வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவரின் ஜெனரேட்டரைக் கடன் வாங்கி வந்து பின்பக்கம் ஓடவிட்டு, மீட்டருக்கு மீட்டர் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தான். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப்பார்த்துத் திட்டினார். மருமகள் சமையலறை ஜன்னலில் நின்று பொறுமையிழந்து கத்தினாள். "அந்த மெஷின் ஒண்ணு இல்லைன்னா நாம எப்பவோ நிம்மதியாக் கிளம்பியிருக்கலாம்" என்றும் அந்தக் கத்தலில் ஒரு வார்த்தை விழுந்தது. கோபத்தில் சொன்னது. சாயங்காலம் அவளுக்கே அது நினைவில்லை.

இன்றைக்கு வியாழன். சனிக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும்.

*

மத்தியானம் ஒரு மணிக்கு மருமகள் பயிற்சிக் காரை ஜெனரேட்டர் கடை வாசலில் நிறுத்தினாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஸ்டூலைவிட்டு எழுந்து நேராக நின்றார். அவளிடம் கார் கற்றவர். மூன்று முறை ஃபெயில் ஆகி நாலாவது முறை தேறியவர். இன்றும் அவளைப் பார்த்தால் கை தானாக சீட் பெல்ட்டைத் தேடும்.

"சார் பின்னாடி இருக்கார் மேடம்" என்றார். "பத்தரையிலேருந்து இருக்கார்."

பின்பக்க முற்றத்தில் மூன்று ஜெனரேட்டர்கள் வரிசையாக நின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றும் சூட்கேஸ் அளவு, மேலே கைப்பிடி. எதிரே டெசிபல் ஒரு கையில் சத்தம் அளக்கும் மீட்டர், ஒரு கையில் மடித்த காகிதம், காதில் பென்சில் சகிதம் குந்தியிருந்தான். பக்கத்தில், ஜெனரேட்டரில் லோடு ஏற்றிப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்த வீட்டு எலெக்ட்ரிக் கெட்டில் கொதித்து அடங்கியிருந்தது. காலையிலிருந்து அது எங்கே போயிற்று என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எதை எடுக்கிறோம்?"

"இரு. ஏழு மீட்டர் தூரத்துல சிவப்பு அம்பத்தெட்டு. மஞ்சள் அம்பத்தாறு. நீலம் அம்பத்துமூணு."

"அப்ப நீலம். பில் போடச் சொல்லவா?"

"அவசரப்படாத. நீலத்துல லோடு ஏத்தினா உள்ளேருந்து ஒரு கிணுகிணுப்பு வருது. மீட்டர்ல தெரியாது. காதுக்குத்தான் தெரியும்."

"எந்தக் காதுக்கு?"

"என் காதுக்கு."

"தூங்கப்போறது மாமா. உங்க காதை எதுக்கு அங்க கொண்டுபோறீங்க?"

டெசிபல் மஞ்சளைக் கிளப்பினான். அது உறுமி அடங்கி, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அவன் மீட்டரை நீட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார், இதே மூணையும் போன சனிக்கிழமையும் அளந்தீங்க" என்றார் கடைக்காரர்.

"போன சனிக்கிழமை காத்து அடிச்சுது."

"அதுக்கு முந்தின சனிக்கிழமை?"

"அன்னிக்கு உங்க மேல்மாடியில யாரோ டைல்ஸ் வெட்டினாங்க."

மருமகளின் வலது கால் தரையை அழுத்தியது. அதைப் பார்த்ததும், நடந்துகொண்டிருந்த கடைக்காரர் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றார்.

"இங்க பாருங்க" என்றாள் அவள். "எனக்கு நாலு மணிக்கு கிளாஸ். உங்க தங்கச்சி நாளைக்கு ராத்திரி வந்து இறங்குறா. எனக்கு இன்னிக்கு ஒரு பெட்டி வேணும். சிவப்போ பச்சையோ, கிணுகிணுத்தாலும் சரி, பாட்டே பாடினாலும் சரி."

"அப்பா சத்தம் கேட்டா கிளம்பிப் போயிருவேன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். நீங்க அளக்கற வேகத்துக்கு இந்த வருஷம் யாரும் கிளம்பவே போறதில்ல."

கடைக்காரர் நடுவில் புகுந்து ஏதாவது நல்லது செய்யலாம் என்று நினைத்தார். "நீங்க எந்த ஏரிக்கு சார் போறீங்க? அந்த அணைக்குப் பின்னாடி, கூடாரத்துக்கு நம்பர் போட்டுக் கொடுப்பாங்களே, அதா?"

"அதேதான்."

"அங்க ராத்திரி பத்து மணிக்கு மேல ஜெனரேட்டரே போட விட மாட்டாங்களே."

மஞ்சள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் குனிந்து அதை அணைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் போடக் கூடாது மேடம். சத்தம் கம்மியோ ஜாஸ்தியோ, எதுவும் கூடாது. புக் பண்றப்பவே பேப்பர்ல போட்டிருப்பாங்க."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். கொடுத்தான். ஒரு பக்கம் முழுக்கப் பதினோரு வாரத்து அளவுகள், கட்டம் கட்டமாக, பென்சிலில், அழகான கையெழுத்தில் இருந்தன. திருப்பினாள். மறுபக்கம் ஏரிக்கரை முகாமின் புக்கிங் ரசீது. கீழே விதிமுறைகள். ஐந்தாவது விதி, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஜெனரேட்டர் இயக்க அனுமதி இல்லை.

"ஏங்க, இந்தப் பேப்பரைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

"பின்பக்கம் வெத்தா இருந்துச்சு, அதான் எழுதினேன்."

"முன்பக்கம் என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

டெசிபல் வாங்கிப் படித்தான். இரண்டு முறை படித்தான். காது சிவந்தது.

சிரிப்பதா அழுவதா என்று மருமகளுக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷன் பதினோரு வாரம், கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, ஊரில் உள்ள கடை எல்லாம் ஏறி இறங்கி, ராத்திரி ஓடவே கூடாத ஒரு சாமானின் ராத்திரிச் சத்தத்தை அளந்திருக்கிறான். அதையும் அந்த ரசீதின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறான். இவனை என்ன செய்வது. கட்டிக்கொண்டாயிற்று.

கடைக்காரர்தான் காப்பாற்றினார். உள்ளே போய் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்.

"பேட்டரிப் பெட்டி மேடம். பகல்ல நாலஞ்சு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி இதுல சார்ஜ் ஏத்திக்கங்க. பகல்ல ஏரியில பசங்க போடுற கூச்சல்ல எந்த ஜெனரேட்டரும் கேக்காது. ராத்திரி மெஷினை இதுல சொருகிடுங்க. இதுல ஓடுறதுக்கே ஒண்ணும் கிடையாது, சத்தம் எங்கேருந்து வரும்?"

டெசிபல் பெட்டியின் மேல் காதை வைத்தான். "உள்ள ஒரு சின்ன ஃபேன் இருக்கு" என்று ஆரம்பித்தான். மனைவி முகத்தைப் பார்த்து அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

"ராத்திரி முழுக்கத் தாங்குமா?" என்றாள் அவள்.

"மெஷின் எத்தனை வாட்?"

டெசிபல் காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். அதில் அது இல்லை.

"பதினோரு வாரமா அளந்தீங்களே" என்றாள் புருஷனிடம். "மெஷின் எவ்வளவு கரண்டு இழுக்கும்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"அப்பா தன் ரூமுக்குள்ள யாரையும் விடமாட்டேங்கறாரே. அந்த மெஷினைப் பத்திப் பேசினாலே பேச்சை மாத்துறார்."

பெரியவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவர் போன் என்றைக்குமே அப்படித்தான். பாதி நாள் சார்ஜ் இருக்காது, மீதி நாள் எங்கேயாவது கிடக்கும்.

"வாங்க, வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்திரலாம்" என்றாள். "கெட்டிலை எடுத்துக்கங்க."

*

வீட்டில் பெரியவர் இல்லை. "வாக்கிங் போயிருப்பார்" என்றான் டெசிபல். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் யார் வாக்கிங் போவார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் கடைக்காரர் கொடுத்த பேட்டரி நோட்டீஸில் அந்தச் சின்ன ஃபேனைத் தேடிக்கொண்டிருந்தான்.

மருமகள் பின்அறைக்குப் போனாள். ஒரு மாதம் முன்னால்தான் பெரியவர் முன்அறையை விட்டு அங்கே மாறியிருந்தார். முன்அறையில் வெயில் அடிக்கிறது என்றார். சரி, அவர் இஷ்டம் என்று கட்டிலைத் தூக்கிப் போட்டுக் கொடுத்தார்கள்.

அறை சுத்தமாக இருந்தது. ஸ்பேனர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் மெஷின், துவைத்து மடித்த துண்டால் மூடியிருந்தது. துண்டை எடுத்தாள். காற்றுக் குழாயை அழகாக வட்டமாகச் சுற்றி, நூலால் இரண்டு இடத்தில் கட்டி வைத்திருந்தார். லிஃப்ட் வயரை அப்படித்தான் கட்டுவார்களாம், ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

தினமும் ராத்திரி மாட்டுகிற குழாயை யாராவது இப்படிக் கட்டிவைப்பார்களா?

தண்ணீர் ஊற்றும் சின்னத் தொட்டியைத் திறந்தாள். காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. மெஷினைச் சாய்த்து அடியில் இருந்த லேபிளைப் படித்தாள். வாட் கிடைத்துவிட்டது. அத்தோடு போயிருக்கலாம். ஆனால் அவள் பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினாள். சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது.

கடந்த முப்பது நாள். பயன்படுத்தியது, பூஜ்யம் மணி.

"ஏங்க, இங்க வாங்க."

டெசிபல் வந்து பார்த்தான். "ஏதாவது கோளாறா இருக்கும். மெமரி போயிருக்கும்."

அவள் இன்னொரு பட்டனை அழுத்தினாள். கடைசியாகப் போட்ட தேதி வந்தது. கட்டிலில் உட்கார்ந்து போனில் காலண்டரைத் திறந்து விரல் வைத்து எண்ணினாள். ஐந்து வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஞாயிறு. பின்பக்கம் சாக்பீஸ் கோடு, மதில் மேல் பக்கத்து வீட்டுக்காரர்.

"அந்த ஞாயித்துக்கிழமை நான் ஜன்னல்ல நின்னு என்ன கத்தினேன்?"

"நான் எங்க கேட்டேன், நான் மீட்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"மாமா கேட்டிருக்கார்." அந்த மெஷினைப் பற்றித் தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தை இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

டெசிபலுக்கு இன்னும் பிடிபடவில்லை. "மெஷின் இல்லாம எப்படி? அப்பா குறட்டை விட்டா தெருமுனைக்குக் கேக்குமே. நமக்கு ஒரு நாளாவது..."

பாதியில் நின்றான். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேதான் அந்தக் காதடைப்பான் டப்பா இருக்கும்.

"அன்னிக்கு டீயைக் கொட்டினாரே" என்றாள் மருமகள். "ராத்திரி பூரா மூச்சு முட்டி முட்டி எழுந்திருக்கார். பகல்ல உக்காந்த இடத்துல தூங்குறார். நாம சிரிச்சோம்."

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ரோட்டில் ஒரு மாணவனின் கண் ஒரு நொடி சொருகினால் கண்டுபிடிப்பவள். வீட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து பார்த்தும் விளங்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. டாக்டர் சொன்னது. மெஷின் போட்டுத் தூங்கினால் வண்டி ஓட்டலாம், போடவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அந்த டாக்டரிடம் சண்டை பிடித்து லெட்டர் வாங்கி, பெரியவரின் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தவள் அவள்தான். கார் இல்லாமல் அவர் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுவாரே என்று.

கூடத்துக்கு ஓடிப்போய்ச் சாவி மாட்டும் கொக்கியைப் பார்த்தாள். கார் சாவி இல்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பெரியவர் கையெழுத்து. "கூடாரம் தைக்கக் கொடுத்ததை வாங்கப் போகிறேன். நானே போகிறேன், நீங்கள் வேலையைப் பாருங்கள்."

மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஏழாவது மணியில் எடுத்தார்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"வண்டியிலதாம்மா."

அவள் கால் தரையை அழுத்தியது. "ஓடிக்கிட்டு இருக்கா?"

"இல்லம்மா. ஓரமா நிறுத்தியிருக்கேன்." குரல் குழறியது. "ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். கண்ணைத் தொறந்து பார்த்தா நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க்கிட்டு இருக்கேன். எப்படித் திருப்பினேன், எப்படி நிறுத்தினேன்னே தெரியல."

"யாருக்கும் அடி இல்லையே?"

"இல்ல."

அவள் குரல் மாறியது. முதல் நாள் கிளாஸில் பயந்து நடுங்குகிறவர்களிடம் பேசுகிற குரல் அது. கோபம், அழுகை எதுவும் அதில் இருக்காது.

"சரி. நான் சொல்றதை ஒண்ணொண்ணா செய்யுங்க. கியரை நியூட்ரல்ல போடுங்க."

"போட்டேன்."

"ஹேண்ட் பிரேக்கை இழுங்க."

"இழுத்தாச்சு."

"சாவியைத் திருப்பி வெளிய எடுங்க. கண்ணுக்கு முன்னாடி டாஷ்போர்டு மேல வைங்க. முக்கோணம் போட்ட சிவப்பு பட்டனை அழுத்துங்க."

டிக் டிக் என்று இண்டிகேட்டர் சத்தம் போனில் கேட்டது.

"இப்ப சொல்லுங்க. எந்த இடம்?"

"தெரியலம்மா. கூடாரத்தை வாங்கி டிக்கியில வச்சது ஞாபகம் இருக்கு. திரும்பி வர்றப்ப எந்த ரோட்ல திரும்பினேன்னு பிடிபடல. எதிர்ல நீளமா ஒரு சுவர். உள்ள மரக்கட்டை அடுக்கியிருக்கு."

டெசிபல் போனருகே குனிந்தான். "அப்பா, மெஷினை ஏம்பா போடலை?"

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

"பழகிப் பார்த்தேண்டா. அது இல்லாம ரெண்டு ராத்திரி தூங்கிட்டேன்னா ஜெனரேட்டரும் வேணாம், உங்களுக்குள்ள சண்டையும் வேணாம். எல்லாரும் நிம்மதியாக் கிளம்பலாம்."

நிம்மதியாகக் கிளம்பலாம். அவள் சொன்ன அதே வார்த்தை. ஐந்து வாரம் அதைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷர் இதே வீட்டில் நடமாடியிருக்கிறார்.

"அது கோபத்துல வாய் தவறி வந்தது மாமா. உங்களைச் சொல்லல."

"தெரியும்மா. நீ என்னைச் சொல்லலைன்னு தெரியும். ஆனா சொன்னது உண்மைதானே?"

"இல்ல மாமா."

"போன்ல சார்ஜ் கம்மியா இருக்கும்மா. கண்ணு சொருகுது. அஞ்சே நிமிஷம் சாஞ்சுக்கறேன்."

"தூங்காதீங்க மாமா. பேசிக்கிட்டே இருங்க. கூடாரத்தை எப்படித் தைச்சிருக்கான், சொல்லுங்க."

பதிலாக ஒரு குறட்டை வந்தது.

*

பயிற்சிக் காரின் ஸ்டியரிங்கில் மருமகள் உட்கார்ந்தாள். பிரேக் வைத்த பக்கத்து இருக்கையில் டெசிபல் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டான். கார் தெருவைத் தாண்டியது.

"கேக்குதா?"

"கேக்குது."

கூடாரம் தைக்கிறவரின் பட்டறையிலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி. இரண்டிலும் மரக்கடை உண்டு, இரண்டுக்கும் நீளமான சுவர் உண்டு. ஒரு சுவர் ஓரமாக அவள் ரிவர்ஸ் சொல்லிக்கொடுப்பாள், இன்னொன்றின் எதிரே யூ டர்ன். ஊரில் அவளுக்குத் தெரியாத சுவர் கிடையாது. பெரியவர் எந்தச் சுவருக்கு எதிரே இருக்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை.

"இப்ப?"

"நின்னுருச்சு." அவன் விரல் தொடையில் தட்டி எண்ணியது. "ஏழு. எட்டு. ஒன்பது." பிறகு நீண்ட மூச்சு விட்டான். "வந்துருச்சு."

அவன் எத்தனையோ பேரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னவன். கேட்காமல் போனால் எப்படி இருக்கும் என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை. மெஷின் வந்த பிறகு அப்பாவின் குறட்டையை அவன் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. காது நிறைய வாங்கிக்கொண்டான். இதைவிட நல்ல சத்தம் அவன் கேட்டதில்லை.

"பத்து. பதினொண்ணு. வந்துருச்சு."

"நின்னா சொல்லுங்க. வந்தாலும் சொல்லுங்க."

இரண்டு வழியும் பிரிகிற சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினாள். நேரே போனால் ஒரு மரக்கடை, திரும்பினால் இன்னொன்று.

"இப்ப?"

"நின்னிருக்கு. எட்டு. ஒன்பது."

அவள் சிக்னலையே பார்த்தாள்.

"பதிமூணு. பதினாலு." அவன் குரல் இறங்கியது. "பதினேழு. பதினெட்டு."

"ஏங்க, இண்டிகேட்டர் சத்தம் கேக்குதா?"

டெசிபல் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரை இருண்டிருந்தது. அந்தப் பக்கம் சார்ஜ் தீர்ந்து லைன் அறுந்திருந்தது. எந்த எண்ணில் அறுந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. எட்டிலா, பதினெட்டிலா, அதற்கு முன்பேயா.

பச்சை விழுந்தது. நேரேயா, திரும்பவா என்று மருமகள் முடிவு செய்வதற்குள் பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஒரு ஹாரனுக்கே இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும் டெசிபல், லைன் அறுந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னும் எண்ணிக்கொண்டிருந்தான்.